ஊருணி சுத்தம், பள்ளிக்கூடத்துல குப்பை பிரிப்பு: புதுசா இறங்குற தம்பி தங்கச்சிகளுக்கு

மேலூர் பக்கம் எங்க ஊரு. நாங்க 11 பேரு, காலேஜ் முடிச்சவங்க பாதி, படிக்கிறவங்க பாதி. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க 30 பேரைக் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை வெள்ளனவே ஊருணிக்குப் போனோம். மத்தியானத்துக்குள்ள 63 சாக்கு குப்பை. எல்லாத்தையும் கரை மேல வரிசையா அடுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டோம், திங்கக்கிழமை ஊராட்சி வண்டி எடுத்துட்டுப் போயிரும்னு நெனச்சோம், ஆனா எடுக்கச் சொல்லி யார்கிட்டயும் நாங்க சொல்லவே இல்ல. ஒரு வாரத்துல நாய் கிழிச்சுருச்சு, அடுத்த வாரம் பேஞ்ச மழையில பாதி திரும்ப ஊருணிக்குள்ளயே இறங்கிருச்சு. ஏழாவது படிக்கிற ஒரு பாப்பா கரையில நின்னு பாத்துட்டு "அப்ப நம்ம அள்ளுனது எல்லாம் வீணாண்ணே?"ன்னு கேட்டுச்சு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

அதுக்கப்புறம் அந்த வேலையை ஒழுங்கா முடிக்க 14 மாசம் ஆச்சு. அதுல பாதிக்கு மேல எந்த ஆபீஸ்ல யாரைப் பாக்கணும், எந்தப் பேப்பர் வேணும்னு தெரியாம அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சது. நீங்க அந்த அலைச்சல் படவேணாம்னுதான் எழுதுறேன். கிராமத்தை வச்சு எழுதிருக்கேன், மதுரை டவுனுக்குள்ள இருக்கவங்க ஊராட்சின்னு வர்ற எடத்துல மாநகராட்சின்னு மாத்திப் படிச்சுக்கங்க.

1. அள்ளுறதுக்கு முன்னாடி, குப்பை எங்க போகும்னு முடிவு பண்ணுங்க

இதுதான் முதல் வேலை. ஊராட்சியில தூய்மைக் காவலர்கள் இருப்பாங்க, பேட்டரி வண்டி இருக்கும். அவங்ககிட்ட நேரா போய் உக்காந்து பேசுங்க: எந்தக் கிழமை எந்தத் தெரு, பிரிச்ச பிளாஸ்டிக்கை எங்க சேத்து வைக்கிறாங்க, ஒரே நாள்ல 50 சாக்கு வந்தா எடுக்க முடியுமா. அவங்க வண்டியில 50 சாக்கு ஏறாது, அதனால ஒரு டிராக்டர் டிரெய்லர் ஒரு நடைக்கு வாடகை பேசிக்கங்க, எங்களுக்கு டீசலோட 900 ரூபா ஆச்சு.

குப்பையை அள்ளும்போதே நாலாப் பிரிங்க. பாட்டில், இரும்பு, அட்டை இதெல்லாம் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்குவாரு, காசும் குடுப்பாரு. பால் பாக்கெட், கேரி பேக் மாதிரி மெல்லிசு பிளாஸ்டிக் ஊராட்சிக்கு. உடைஞ்ச பாட்டில் தனி. சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்ட எந்தக் கடையும் வாங்காது, உள்ள வெள்ளிப் பூச்சு இருக்கதால, அதையும் தனியாக் கட்டி ஊராட்சிக்கே குடுத்துருங்க.

நம்ம மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக்கத் தாரோட சேத்து ரோடு போடுற முறையைக் கண்டுபிடிச்சவரு, 2018-ல பத்மஸ்ரீ வாங்குனாரு, பிள்ளைங்களுக்கு இதைச் சொன்னா கண்ணு விரியும். ஆனா அதுக்கும் சுத்தமான, காஞ்ச பிளாஸ்டிக்தான் வேணும், சேறோட அள்ளுனது உதவாது. அதனால சேறு அப்புன பிளாஸ்டிக்க ரெண்டு நாள் கரையில காயப்போட்டு உதறி எடுத்துட்டு அப்புறம் சாக்குல கட்டுங்க. எவ்வளவு அவசரம்னாலும் கொளுத்தாதீங்க, சின்னப் பிள்ளைங்க பக்கத்துல நிக்கிறாங்க.

2. அந்த எடம் யாரோடதுன்னு பேப்பர்ல பாருங்க

"ஊருக்குப் பொதுவானதுதானப்பா"ன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆபீஸ்ல அது செல்லாது. பொதுவா கண்மாய்க்கு ஆயக்கட்டு, அதாவது அந்தத் தண்ணி பாயிற நெலம், 40 ஹெக்டேருக்கு மேல (சுமாரா 100 ஏக்கர்) இருந்தா நீர்வளத்துறை, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம், ஊருணி குட்டை எல்லாம் கிராம ஊராட்சி, கோயில் தெப்பம்னா அநேகமா அறநிலையத்துறை. நாங்க இது தெரியாம நீர்வளத்துறை ஆபீஸ்க்கு மூணு தடவை பஸ் ஏறிப் போனோம், எங்களோடது ஊராட்சி ஊருணி.

என்ன செய்யணும்னா, கிராம நிர்வாக அலுவலர்கிட்ட சர்வே நம்பர் கேளுங்க. நம்பர் கெடைச்சதும் பட்டா சிட்டா பாக்குற அரசு சைட்லயே அ-பதிவேடு (எந்த நெலம் என்ன வகைன்னு இருக்க வருவாய்த்துறைப் பதிவேடு) பாக்கலாம், காசு கிடையாது, மாவட்டம் வட்டம் கிராமம் சர்வே நம்பர் போட்டா போதும். அதுல வகைப்பாடு என்னன்னு வரும், புறம்போக்கு ஊருணி, கண்மாய் அப்படின்னு. அதை மூணு பிரிண்ட் எடுங்க. புலப்படமும் (அந்த சர்வே நம்பரோட அளவு வரைபடம்) எடுங்க, வரத்து வாய்க்கால் எங்கிட்டு இருந்து வருதுன்னு அதுல தெரியும், இப்ப தரையில அந்த வாய்க்கால் இல்லாமக்கூட போயிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. புலப்படத்தைப் பாக்கும்போது ஆக்கிரமிப்பு கண்ணுல படும். அதைக் கேக்கவேண்டியதுதான், ஆனா பள்ளிக்கூடப் பிள்ளைங்களை முன்ன நிறுத்திக் கேக்காதீங்க. அது பெரியவங்க மனு குடுத்துச் செய்யவேண்டிய வேலை, தனியா வச்சுக்கங்க.

3. பள்ளிக்கூடத்துக்குள்ள போறது

அரசுப் பள்ளியில வெளியாளுங்க உள்ள போய் நிகழ்ச்சி நடத்தணும்னா அனுமதி இல்லாம முடியாது, தலைமை ஆசிரியர் உங்களுக்கு மாமா முறை ஆனாலும் முடியாது. இதுக்கு நாங்க கண்ட வழி, நம்ம பேர்ல போகாம பள்ளியோட பேர்லயே போறது. நெறைய பள்ளியில தேசிய பசுமைப் படை இல்லாட்டி சுற்றுச்சூழல் மன்றம்னு பேருக்காவது ஒண்ணு இருக்கும், அதுக்கு ஒரு பொறுப்பாசிரியர் இருப்பாங்க. அந்த டீச்சரைப் புடிங்க. அவங்க நடத்துற மன்றத்துக்கு நாம ஒத்தாசைக்கு வர்றோம்னு சொன்னா பாதிச் சிக்கல் தீந்துரும். மன்றத்துக்கு வருஷாவருஷம் சின்னதா நிதியும் வரும், அது எவ்வளவு, செலவாயிருச்சான்னு டீச்சர்கிட்ட பதவிசாக் கேளுங்க.

குடுக்கவேண்டிய பேப்பர்:

தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம், ரெண்டு காப்பி. ஒண்ணுல தேதியோட கையெழுத்து, சீல் வாங்கி நீங்க வச்சுக்கங்க. வாயால "சரிப்பா செய்ங்க"ன்னு சொன்னா அது அனுமதி இல்ல. எங்களுக்கு அப்படிச் சொன்னவங்க மாறுதல்ல போயிட்டாங்க, புதுசா வந்தவங்க முதல்ல இருந்து கேட்டாங்க, மூணு மாசம் போச்சு.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல தீர்மானம். அந்தக் குழுவுல அம்மாக்கள்தான் அதிகம், அவங்க ஒத்துக்கிட்டா பிள்ளைங்க தன்னால வரும்.

பெத்தவங்க சம்மதக் கடிதம், பிள்ளைக்கு ஒண்ணு. தமிழ்ல, நாலு வரியில, எந்த நாள், எத்தனை மணிக்கு ஆரம்பிச்சு எத்தனை மணிக்கு முடியும், என்ன வேலை, யாரு கூட இருப்பாங்க. இதோட படம் எடுக்கலாமான்னும் ஒரு வரி சேத்துருங்க. எங்க கூட்டத்துல ஒரு அப்பா, மக படம் தன்னைக் கேக்காம ஸ்டேட்டஸ்ல போயிருச்சுன்னு வருத்தப்பட்டாரு. அவரு பக்கம் நியாயம் இருந்துச்சு.

பள்ளியை விட்டு வெளிய கூட்டிட்டுப் போறதா இருந்தா முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதி வேணுமான்னு தலைமை ஆசிரியர்கிட்டயே கேட்டு அவங்க மூலமாவே அனுப்பச் சொல்லுங்க. 15 நாள் முன்னாடி குடுத்துருங்க.

10-வது, பிளஸ் டூ பிள்ளைங்களை ஜனவரிக்கு மேல கூப்பிடாதீங்க. 6-ல இருந்து 9 வரைக்கும்தான் சரியான வயசு, அடுத்த வருஷமும் இருப்பாங்க.

4. மந்தையில (ஊர் கூடுற பொது எடத்துல) பேசுங்க, அப்புறம் கிராமசபை

நம்ம பக்கம் அம்பலங்க, கரைக்காரங்கன்னு இருக்க ஊர்ப் பெரியவங்களைக் கேக்காம ஊருணியில கைவைக்கக் கூடாது. பயமுறுத்தச் சொல்லல, அவங்களுக்குத்தான் தண்ணி எந்த மடையில வரும், எந்தப் பக்கம் தரை இறுகலா இருக்கும், எந்தப் படித்துறையில செருப்போட எறங்கக் கூடாதுன்னு தெரியும். ஒரு அப்பத்தா எங்களுக்குச் சொல்லித்தான் அடைஞ்சு கெடந்த ஒரு வரத்து மடையையே கண்டுபிடிச்சோம். அது எந்தப் படத்துலயும் இல்ல.

அப்புறம் கிராமசபை. வருஷத்துல ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு வாரம் முன்னாடியே ஊராட்சிச் செயலர்கிட்ட எழுத்துல குடுத்தீங்கன்னா கூட்டத்துல பேசவேண்டிய பொருள்ல சேத்துருவாங்க. அன்னைக்குக் கூட்டத்துல எந்திரிச்சுப் பேசணும், தீர்மானப் புத்தகத்துல எழுதுறாங்களான்னு பக்கத்துல நின்னு பாக்கணும், தீர்மான நம்பரைக் குறிச்சுக்கணும், பின்னாடி நகல் கேட்டு வாங்கிக்கணும். வெறும் காகிதம்னு நெனைக்காதீங்க. டங்ஸ்டன் சுரங்கம் வேணாம்னு நம்ம மேலூர்ப் பக்கத்து ஊர்கள் 2024-ல கிராமசபையிலதான் தீர்மானம் போட்டாங்க, ஊரே தெருவுல எறங்குச்சு, 2025 ஜனவரியில அந்த ஏலம் ரத்தாச்சு.

ஊராட்சித் தலைவர்களோட பதவிக்காலம் 2025 ஜனவரியில முடிஞ்சதுல இருந்து தனி அலுவலர் பொறுப்புக்குப் போயிருச்சு, அதனால தலைவர் இல்லாத சமயத்துல உங்க கடிதம் வட்டார வளர்ச்சி அலுவலருக்கே போகணும். பதிலே வரலைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர் கூட்டத்துல மனுக் குடுங்க. தீர்மான நகல், அ-பதிவேடு, இப்ப இருக்க நெலைமையோட 4 படம், இவ்வளவையும் மனுவோட சேத்துப் பின் பண்ணிக் குடுங்க. மனு நம்பர் சீட்டைத் தொலைச்சுறாதீங்க.

5. காசு எவ்வளவு ஆச்சு

எங்க ஊருணி சின்னது, அரை ஏக்கருக்கும் கொறவு. செலவை அப்படியே சொல்றேன், உங்க ஊர்ல கூடக் கொறைய இருக்கும். ஜேசிபி மணிக்கு 1,200, 9 மணி நேரம், 10,800. டிரைவர் பேட்டா 500. டிராக்டர் நாலு நடை 3,600. கையுறை, சாக்கு, மண்வெட்டி ரெண்டு, கடப்பாரை ஒண்ணு எல்லாம் சேத்து 2,700. ரெண்டு நாளுக்கு மோர், வடை, தண்ணிக் கேன், தக்காளிச் சோறு 3,400. ஆக 21,000. இதுல பாதி ஊர்ல இருந்து வெளிநாடு போன அண்ணன்மாருங்க குடுத்தது.

காசை ஒருத்தர் போன் நம்பருக்கு ஜிபேயில வாங்குனீங்கன்னா எவ்வளவு நேர்மையா இருந்தாலும் மூணாவது வாரம் பேச்சு வரும். நாங்க ஒரு நோட்டு போட்டோம், வரவு செலவை அன்னன்னைக்கே எழுதி, ஞாயித்துக்கிழமை மந்தையில போர்டுல ஒட்டுனோம், ரசீதெல்லாம் அதே நோட்டுல பின் பண்ணி. ரெண்டு பேர் கையெழுத்து இல்லாம காசு வெளிய போகக் கூடாது.

பெரிய வேலைன்னா நமக்கு நாமே திட்டத்தைக் கேளுங்க, மதிப்பீட்டுத் தொகையில குறைஞ்சது மூணுல ஒரு பங்கு மக்கள் போட்டா மீதி அரசாங்கம். வட்டார வளர்ச்சி அலுவலர் ஆபீஸ் வழியாத்தான் போகும், மாசக்கணக்குல ஆகும், பொறுமை வேணும்.

இப்ப ரொம்ப முக்கியமான பொறி ஒண்ணு. "காசே வேணாம் தம்பி, நான் தூர்வாரித் தர்றேன், மண்ணை மட்டும் நான் எடுத்துக்கிறேன்"னு ஒருத்தர் வருவாரு. எங்ககிட்டயும் வந்தாரு, எங்களுக்கு அன்னைக்குச் சந்தோஷம் தாங்கல. நல்லவேளை ஒரு ரிட்டயர்டு சர்வேயர் ஐயா தடுத்தாரு. மண்ணு வெளிய போனா அது கனிமம், அனுமதிச் சீட்டு இல்லாம வண்டி ஏறுனா வழக்கு வரும், கடிதத்துல கையெழுத்துப் போட்ட உங்க பேர்லயும் கேள்வி வரும். அது போக, மண்ணுக்காக வெட்டுறவங்க சமமா வெட்ட மாட்டாங்க, ஒரே எடத்துல கெணறு மாதிரி ஆழமாத் தோண்டிருவாங்க. மழை பேஞ்சு தண்ணி நின்னா பள்ளம் எங்கன்னு தெரியாது, குளிக்கப்போற பிள்ளைங்க உசுருக்கு ஆபத்து. வண்டல் மண்ணு விவசாயிக்கோ மண்பாண்டம் செய்றவங்களுக்கோ வேணும்னா தாசில்தார் அனுமதியோட இலவசமாவே எடுக்கலாம், அவங்களே இ-சேவையில விண்ணப்பம் போடட்டும். இல்லாட்டி அள்ளுன மண்ணைக் கரையிலயே போட்டுக் கரையப் பலப்படுத்துங்க.

6. எந்த மாசம் எந்த வேலை

ஜனவரி 26 இல்லாட்டி மார்ச் 22 கிராமசபையில தீர்மானம். கோடையில தண்ணி வத்துனதும், ஊர்ல மீன்பிடித் திருவிழா இருந்தா அது முடியற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க, அதுக்கு முன்னாடி ஜேசிபின்னு சொன்னா ஊரே எதுத்து நிக்கும். மே மாசம் மிஷின் வேலை. ஜூன்ல பள்ளி திறந்ததும் பிள்ளைங்களோட கூட்டம், குப்பை பிரிப்பு. ஜூலை, ஆகஸ்ட்ல கரை, வரத்து வாய்க்கால் சுத்தம். முல்லைப் பெரியாறு அணைத் தண்ணி வர்றதுக்கு முன்னாடி வாய்க்கால் தெறந்திருக்கணும். செப்டம்பர், அக்டோபர்ல பனைவிதை, கன்னு. இந்த வரிசை தப்புனா ஒரு வருஷம் தள்ளிப்போயிரும், எங்களுக்குப் போச்சு.

பக்கத்துல காலேஜ் இருந்தா நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரைப் பாருங்க. அவங்க வருஷத்துல ஒரு கிராமத்துல 7 நாள் முகாம் போடணும், ஊர் தேடிக்கிட்டு இருப்பாங்க. 50 பேரு ஒரு வாரம் வந்தா எவ்வளவு வேலைன்னு யோசிச்சுப் பாருங்க.

7. வேலை நாள் அன்னைக்கு

காலையில 6:30-க்கு ஆரம்பிச்சு 10 மணிக்கு முடிச்சுருங்க, அதுக்கு மேல நம்ம ஊரு வெயில்ல பிள்ளைங்க தாங்காது. தண்ணிக்குள்ள பிள்ளைங்க எறங்கக் கூடாது. கண்ணாடி, ஊசி, சீமைக்கருவேல முள்ளு இருக்க எடத்துக்குப் பெரியவங்க மட்டும், அதுவும் ரப்பர் செருப்போட வேணாம், முள்ளு நேரா ஏறும், ஷூ போடுங்க. புதருக்குள்ள கைவிடறதுக்கு முன்னாடி கம்பால தட்டுங்க, பாம்பு இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துல முன்னாடியே சொல்லிட்டு, யாருக்காவது துரு ஆணி கிழிச்சா அன்னைக்கே டிடி ஊசி போட்டுருங்க.

சீமைக்கருவேலத்தை வெறுமனே வெட்டுனா மறுபடி தழைச்சு ரெண்டு மடங்கா வரும், தூரோட மிஷின்ல புடுங்கணும். வெட்டுன விறகு உங்களுது இல்ல, ஊராட்சிக்குச் சேரவேண்டியது, ஏலம் விடுவாங்க. ஊருணி வேலைக்குத்தானேன்னு வித்துக் காசாக்கிடாதீங்க.

ஃபிளெக்ஸ் பேனர் அடிக்காதீங்க. அது பிவிசி, மட்காது, கொளுத்துனா விஷம், ரோடு போடக்கூட ஆகாது. நாங்க பழைய வேட்டியில பிள்ளைங்களை விட்டு நீலம் கரைச்சு எழுதச் சொன்னோம், இப்பவும் பள்ளிக்கூடத்துல தொங்குது.

8. பள்ளிக்கூடத்துல பிரிக்கிறது

மூணு தொட்டி வாங்கி வரிசையா வைக்கிறதோட நின்னுறாதீங்க. முதல் வாரம் வெறும் எடை போடுங்க. பிள்ளைங்களே தராசு புடிச்சு, எந்தக் கிளாஸ்ல எவ்வளவு, என்ன வகைன்னு போர்டுல எழுதட்டும். எங்க பள்ளியில வந்ததுல பெரும்பங்கு வாசல் கடை மிட்டாய்க் கவரு. அது தெரிஞ்சப்புறம்தான் கடைக்கார அக்காகிட்டப் போய்ப் பேச முடிஞ்சுச்சு, அவங்க இப்ப கடலைமிட்டாயும் வேக வச்ச கடலையும் பேப்பர்ல மடிச்சுக் குடுக்குறாங்க. 2019 ஜனவரி 1-ல இருந்து 14 வகை பிளாஸ்டிக் தமிழ்நாட்டுல தடைதான், ஆனா சட்டத்தைச் சொல்லி மிரட்டுனா அக்காவும் வரமாட்டாங்க, அவங்க பிள்ளையும் உங்க மன்றத்துக்கு வராது.

சத்துணவுக்கூடத்துக் காய்த்தோலு, முட்டை ஓட்டுக்கு உரத்தொட்டி. குழி தோண்டாதீங்க, ஐப்பசியில தண்ணி நெறைஞ்சு நாறும். தரைக்கு மேல பழைய செங்கல்ல இடைவெளி விட்டு மூணடிக்கு மூணடி அடுக்குங்க. ஒரு கூடை ஈரக் குப்பைக்கு ரெண்டு கூடை காஞ்ச எலை, மேல சாணிக் கரைசல், வாரத்துக்கு ஒரு தடவை கெளறி விடணும். நாத்தம் வந்தா எலை பத்தலைன்னு அர்த்தம். மிஞ்சுன சோத்தை இதுல போடாதீங்க, எலி வரும், மாட்டுக்குக் குடுங்க. ரெண்டரை மாசத்துல உரம் கெடைக்கும். முதல் உரத்தைப் பிள்ளைங்க கையில அள்ளி மோந்து பாத்துட்டு, மழை பேஞ்ச மண்ணு மாதிரி வாசம் வருதுன்னு சொன்னாங்க.

வீட்டுக்குப் போற வேலை ஒண்ணே ஒண்ணு குடுங்க: ராத்திரி புரோட்டாக் கடைக்குச் சால்னா வாங்கப் போகும்போது தூக்குவாளி, கடைக்கு மஞ்சப்பை. இதை மட்டும் ஒரு மாசம் செய்யட்டும்.

9. மரம் வைக்கிறது

கரைக்குப் பனை. பத்தடிக்கு ஒரு விதை, ஒரு அடி ஆழம், தண்ணி ஊத்தக்கூட வேணாம். மடை, கலுங்கு (மிச்சத் தண்ணி வெளியேறுற எடம்) பக்கம் ஆல், அரசு வைக்காதீங்க, வேர் கட்டுமானத்தைப் பிளந்துரும். கரைக்கு வெளிய புங்கன், நாவல், நீர்மருது, இலுப்பை. கன்னு வனத்துறை நாத்தங்கால்ல கேளுங்க, ஒரு மாசம் முன்னாடியே எழுதிக் குடுத்தாத்தான் கெடைக்கும். ஆட்டுக்கு வேலி வேணும், புடுங்குன கருவேல முள்ளையே சுத்திக் கட்டுங்க, காசு செலவில்ல. கன்னோட எண்ணிக்கையை வெயில்ல தண்ணி ஊத்த எத்தனை பேரு இருக்கீங்கன்னு பாத்து முடிவு பண்ணுங்க. நாங்க முதல் வருஷம் 200 வச்சு 31 நின்னுச்சு, அடுத்த வருஷம் 40 வச்சோம், 36 நிக்குது.

10. ஃபைல்

எல்லாப் பேப்பரும் ஒரே ஃபைல்ல, அதுல ஒரு செட்டு பள்ளிக்கூடத்துல இருக்கணும். மாசம் ஒரு படம், ஒரே எடத்துல நின்னு எடுத்தது. பிளாஸ்டிக் இல்லாம நடத்துற பள்ளிகளுக்கு மீண்டும் மஞ்சப்பை விருதுன்னு தமிழ்நாடு அரசு விருது இருக்கு, முதல் பரிசு 10 லட்சம். அறிவிப்பு வந்தா இந்த ஃபைல்தான் கேப்பாங்க, அப்ப தேடுனாக் கெடைக்காது.

ஒவ்வொரு ஜூன்லயும் 9-வதுல ரெண்டு பேரு, 7-வதுல ரெண்டு பேருன்னு பொறுப்பு எழுதிக் குடுங்க. போன ஜூன்ல ஃபைலை வாங்கிக்கிட்டதுல ஒருத்தி, அன்னைக்குக் கரையில நின்னு என்கிட்டக் கேட்டாளே, அந்தப் பிள்ளைதான், இப்ப 9-வது. முதல் பக்கத்துல அவளே பெருசா எழுதி வச்சிருக்கா: பேட்டரி வண்டி வர்ற கிழமை செவ்வாய், வெள்ளி. அள்ளுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வண்டி அண்ணனுக்குப் போன் போடணும்.